கம்போடியா கிராமத்துப் பள்ளிக்குத் தொண்டூழியம் போகிறோம், பிள்ளைகளோடு பழகுவதற்குக் கேமரா உதவுமா?

ஜூரோங் பையன் கேட்டது:

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். வருகிற டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து எங்கள் தொண்டூழியக் குழு கம்போடியா போகிறது. கம்போங் சினாங் பக்கம் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளி. கழிப்பறைக் கட்டடத்துக்குச் செங்கல் தூக்குவது, வகுப்பறைச் சுவருக்குச் சாயம் அடிப்பது, இடையிடையே பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு, விளையாட்டு என்று திட்டம். குழுவில் சொந்தமாக நல்ல கேமரா வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் "படம் எல்லாம் நீ பார்த்துக்கொள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முந்தைய குழு எடுத்த படங்களைக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தது, ஆனால் எல்லாம் ஒரே படம்தான். நம் ஆட்கள் நடுவில், சுற்றிலும் பிள்ளைகள், எல்லோரும் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு. இந்தப் பையன் பெயர் என்ன என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் அச்சடித்து அந்தப் பள்ளிக்கு அனுப்பினீர்களா என்றேன், அதற்கும் பதில் இல்லை.

எனக்கு அப்படி வேண்டாம். கேமராவை வைத்துப் பிள்ளைகளோடு கொஞ்சமாவது பழக முடியுமா என்று பார்க்கிறேன். எனக்கு அவர்கள் மொழியான கெமர் தெரியாது, மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான், பிள்ளைகள் 120 பேர் இருக்கிறார்கள். குழுப் பணத்திலிருந்து 400 வெள்ளி (டாலர்) வரை செலவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்த உடனே படத்தைக் கையில் தருகிற இன்ஸ்டாக்ஸ் கேமரா வாங்கலாமா, இல்லை சின்ன பிரிண்டர் எடுத்துப் போகலாமா? பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்தால் என்ன ஆகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


லென்ஸ்மூடி:

தம்பி, கருவியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

இன்ஸ்டாக்ஸ் மினியில் எடுத்த உடனே கையில் படம் வரும், ஒன்றரை நிமிடத்தில் உருவம் தெளிந்துவிடும், பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் படத்தின் அளவு 62க்கு 46 மில்லிமீட்டர். நாலு பேரை நிற்கவைத்து எடுத்தால் யார் யாரென்று தெரியாது. ஒரு பெட்டியில் 10 படம், படம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி ஆகும். வெயிலில் முகம் வெளிறிப்போனது, கண் மூடியது எல்லாம் சேர்த்தால் 120 பிள்ளைக்கு 150 படமாவது எடுக்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய குறை, நகல் கிடையாது. பிள்ளை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் பள்ளிக்கூடத்திலும் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் என் ஓட்டு கேனன் செல்ஃபி போன்ற சின்ன பிரிண்டருக்குத்தான். அஞ்சலட்டை அளவு, 100க்கு 148 மில்லிமீட்டர். அதில் சிபி1500 என்கிற மாடல் ஒரு படத்தை 41 வினாடியில் அச்சடித்துவிடும். இதில் உனக்குப் பயன்படுகிற ஒரு விஷயம் இருக்கிறது. தாள் நாலு தடவை உள்ளே போய் வெளியே வரும். முதல் தடவை மஞ்சள் மட்டும், ஏதோ முகம் மாதிரி தெரியும், அவ்வளவுதான். இரண்டாவது தடவை மெஜந்தா என்கிற ஊதாச் சிவப்பு ஏறும். மூன்றாவது தடவை நீலம் ஏறியதும் ஆள் அப்படியே வந்து நிற்பார். நாலாவது தடவை கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு, ஈரக்கை பட்டாலும் படத்தைக் காப்பாற்றுவது அதுதான். இதைப் பார்ப்பதற்கு எந்த மொழியும் வேண்டாம். நாலைந்து படம் வருவதற்குள் பிள்ளைகளே கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

தாளும் மையும் ஒரே பெட்டியில் வரும். 108 தாள் பெட்டி ஒன்றும் 36 தாள் பெட்டி இரண்டும் வாங்கினால் மொத்தம் 180, உனக்கு அது போதும். ஒரு மைப்பெட்டிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் படம் வரும், பாதியில் நின்றதே என்று பதறவேண்டாம். டிசம்பர் அங்கே வறண்ட காலம், செம்மண் புழுதி பறக்கும். தாளில் ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும், அதனால் வெளியில் வைத்து அடிக்காதே, வகுப்பறைக்குள் வை. தொடர்ந்து அடித்தால் சூடேறி, தானே நின்று ஆறும். மின்சாரத்தை நம்ப வேண்டாம், அதற்கென்று விற்கிற பேட்டரியைத் தனியாக வாங்கிக்கொள்.

இன்ஸ்டாக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டு விஷயம். படம் வந்ததும் ஆட்டாதே, நிழலில் வைத்துவிடு. ஃபிலிமைப் பெட்டிச் சாமானில் போடாதே, அது 800 ஐஎஸ்ஓ, அதாவது ஒளி பட்டால் சட்டென்று பதிகிற ரகம், அங்கே உள்ள எக்ஸ்ரே அதைக் கெடுத்துவிடும். கையில் எடுத்துப் போய், சோதனையில் கையால் பார்க்கும்படி கேள். இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கே சிடி ஸ்கேனர் வந்துவிட்டது, அதுவும் ஃபிலிமுக்கு ஆகாது.

பிள்ளைகள் கையில் உன் நல்ல கேமராவைக் கொடுக்காதே. அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.


தெம்பனிஸ் அக்கா:

லென்ஸ்மூடி சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. கேமராவைக் கொடுக்காமல் எப்படிப் பழகுவது? நம் கழுத்தில் தொங்குகிற வரைக்கும் அவர்கள் நமக்குப் போஸ் கொடுப்பார்கள், அவ்வளவுதான். நல்ல கேமராவைக் கொடுக்க வேண்டாம், கரோசல் என்கிற பழைய பொருள் விற்கும் தளத்தில் பழைய கைக்கடக்கமான டிஜிட்டல் கேமரா நாலைந்து தேடி வாங்குங்கள். இப்போது இளசுகள் அதைத் தேடிப் பிடித்து வாங்குவதால் விலை ஏறிக் கிடக்கிறது, இருந்தாலும் கொஞ்சம் கீறல் விழுந்தது மலிவாகக் கிடைக்கும். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்திருந்தால் இன்னும் மலிவாக முடித்திருக்கலாம், அதைத்தான் 2017ல் மூடிவிட்டார்களே. வாங்குமுன் எந்த அட்டை போடுகிற கேமரா என்று பாருங்கள். எஸ்டி அட்டையாக இருந்தால் கவலை இல்லை, எக்ஸ்டி அட்டை என்றால் அட்டைக்கே அலைய வேண்டியிருக்கும். சார்ஜரும் கூட இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் இதே மாநிலத்தில் வேறொரு பள்ளிக்குப் பல ஆண்டுகள் போய் வந்திருக்கிறேன், அதனால் உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அங்கே நிறையப் பள்ளிகள் இரண்டு நேரமாக நடக்கும். காலையில் ஒரு கூட்டம், மதியம் வேறு கூட்டம். நம் குழுக்கள் காலையில் உற்சாகமாக எல்லாப் படத்தையும் அடித்துக் கொடுத்துவிடும், மதியம் வருகிற பிள்ளைகளுக்குத் தாள் தீர்ந்துபோயிருக்கும். அண்ணன் கையில் படம் இருக்கும், தம்பி கையில் இருக்காது. வீட்டுக்குப் போகிற வழியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முதல் வேலையாக ஆசிரியரிடம் வகுப்புவாரியாகப் பெயர்ப்பட்டியல் வாங்குங்கள், தாளை இரண்டாகப் பிரித்து மதியத்துக்கு உள்ளதை எடுத்துப் பூட்டி வையுங்கள்.

பெயர் விஷயம் சுலபம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைச் சிலேட்டிலோ தாளிலோ எழுதிப் பிடித்துக்கொண்டு ஒரு படம், பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு படம். முதல் படம் உங்களுக்கு, இரண்டாவது அச்சுக்கு. எழுதத் தெரியாத குட்டிகளுக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. கெமர் எழுத்து நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து போனது, அந்த வளைவுகளைப் பார்த்தால் நமக்கே படித்துவிடலாம் போலத் தோன்றும், ஆனால் ஒன்றும் புரியாது. நான் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்வேன், அவர்கள் திருத்துவார்கள், திரும்பத் தப்பாகச் சொல்வேன், சிரித்துக்கொண்டே கிடப்பார்கள். அதிலேயே பாதிப் பழக்கம் வந்துவிடும். எண்களையும் கற்றுக்கொண்டு போங்கள். மூய், பீ, பெய் என்று மூன்று எண்ணிவிட்டு அழுத்தினால் போதும். ஆறு என்பதற்கு அவர்கள் ஐந்தும் ஒன்றும் என்று சேர்த்து ப்ராம் மூய் என்பார்கள், அதனால் பத்து வரை எண்ணக் கற்றுக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை.

இன்னொன்று, சிரி சிரி என்று சொல்லாதீர்கள். படம் எடுக்கப் போகிறோம் என்று தெரிந்தால் சில பிள்ளைகள் விறைப்பாக, கையை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் படம் என்றால் அப்படித்தான், நம் தாத்தா பாட்டி சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் போய் நின்ற மாதிரி. நாளைக்கு எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு ஓடுகிற பிள்ளை மறுநாள் தலையைப் படியப் படிய வாரிக்கொண்டு, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு, தங்கையையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தப் படம்தான் வீட்டுச் சுவருக்குப் போகும். நீங்கள் ஓடி ஓடி எடுக்கிற இயல்பான படம் உங்களுக்கு அழகாக இருக்கும், அவர்களுக்கு அது அழுக்குச் சட்டையோடு எடுத்த படம்.

கேமராவை அவர்கள் கையில் கொடுக்கும்போது கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஒரு கேமராவுக்கு நாலு பிள்ளைகள். எதையாவது எடு என்று விட்டுவிட்டால் ஒருத்தரை ஒருத்தர் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதுவும் ஒரு மணி நேரம் நடக்கட்டும், தப்பில்லை. பிறகு ஒரு சின்ன வேலை கொடுங்கள். வீட்டில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று எடுத்துவா, அவ்வளவு போதும். கம்போங் சினாங் மண்பாண்டத்துக்குப் பேர்போன இடம். அங்கே கிராமங்களில் பெண்கள் சக்கரம் இல்லாமலேயே பானை செய்வார்கள். பானை ஒரு தாங்கியின் மேல் அசையாமல் இருக்கும், செய்கிறவர் கையில் தட்டுப்பலகையோடு அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தட்டுவார். ஒரு சிறுமி தன் பாட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாப் படத்திலும் பாட்டி பாதிதான் இருந்தார், தோள் இருக்கிறது, முகம் ஓடிவிட்டது, ஏனென்றால் அவர் நிற்கவே இல்லை. பானை மட்டும் எல்லாவற்றிலும் நட்டநடுவில். அவற்றில் ஒன்றை அச்சடிக்கத் தேர்ந்தெடு என்றபோது மொழிபெயர்ப்பாளரே இல்லாமல் அவளும் நானும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், கையால்தான். இது வேண்டாம், இதில் பாட்டியின் கால் இல்லை. இது வேண்டாம், இதில் கோழி நிற்கிறது. இல்லை, கோழி இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் கேமராவை வைத்துப் பழகுவது என்பது இப்படி உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிற நேரம்தான். அதற்கு நேரம் ஒதுக்காமல் எத்தனை கேமரா கொண்டு போனாலும் வீண்.


கோப்பி ஓ:

எல்லோரும் எந்த பிரிண்டர், எந்த கேமரா என்று பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபப்படாதே தம்பி.

இங்கே ஒரு தொடக்கப்பள்ளிக்குள் நுழைய வேண்டுமானால் வாசலில் காவலாளியிடம் அடையாள அட்டையைக் காட்டி, சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே போய் ஏதோ ஒரு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் மறுநாள் போலீஸ் வரும். அங்கே போனால் மட்டும் அது ஏன் தொண்டூழியம் ஆகிறது? கம்போடியாவிலேயே 2011ல் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்கிற அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று ஓர் இயக்கமே நடத்தியது. அதற்கு யுனிசெஃப் ஆதரவும் இருந்தது. அநாதை இல்லங்களுக்கு வெளிநாட்டார் வரிசையாக வந்து படம் எடுத்து, காசு கொடுத்துப் போக, இல்லங்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. அங்கே இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள் என்று அதே காலத்தில் ஆய்வில் தெரிந்தது. படத்துக்கும் காசுக்கும் உள்ள உறவு இது. நீ போவது பள்ளிக்கூடம், இல்லம் இல்லை, சரி. இருந்தாலும் திட்டத்தில் ஒரு நாள் இல்லத்துக்கு என்று யாராவது சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்.

நார்வேயில் எஸ்ஏஐஎச் என்று ஒரு மாணவர் அமைப்பு இருக்கிறது. இப்படிப் போகிறவர்களுக்காகவே 2017ல் ஒரு கையேடு போட்டார்கள். அவர்கள் கேட்பது நாலே விஷயம்தான். எடுக்கப்படுகிறவரின் மரியாதை குறையக்கூடாது, விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், இதை ஏன் போடுகிறேன் என்று உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும், அந்த ஊரைப் பற்றி எல்லோரும் நினைப்பதையே திரும்பக் காட்டக்கூடாது. இதில் பலபேர் தவறுவது மூன்றாவதில். பிள்ளை தலையாட்டியதைச் சம்மதம் என்று வைத்துக்கொள்ளாதே, வெளிநாட்டுக்காரர் கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேள், எந்தப் படம் எங்கே போகும் என்றும் சொல். பள்ளியின் பெயர்ப்பலகை, பிள்ளையின் முகம், பிள்ளையின் பெயர், மூன்றும் ஒரே பதிவில் இருக்கக்கூடாது. கைத்தொலைபேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதை நிறுத்திவிட்டு எடு.

ஆரம்பத்திலேயே கேமராவோடு போய் இறங்காதே. முதல் நாள் செங்கல் தூக்கு. பந்து விளையாடு. யார் தலையையும் தொட்டுத் தடவாதே, அங்கே அது மரியாதைக் குறைவு. பெரியவர்களைப் பார்த்தால் கைகூப்பு, அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.


ஜூரோங் பையன்:

கோப்பி ஓ அண்ணே, கோபம் எல்லாம் இல்லை. பார்த்தேன், இல்லம் திட்டத்தில் இல்லை. ஆனால் குழுத் தலைவர் தினமும் குழுவின் இணையப் பக்கத்தில் படம் போட வேண்டும், நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

அக்கா, அந்தப் பாட்டி படத்தைப் பற்றி என் அம்மாவிடம் சொன்னேன், கோழி இருந்ததா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.


தெம்பனிஸ் அக்கா:

கோழி இருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நன்கொடையாளர்களுக்குக் கட்டடத்தைக் காட்டுங்கள். அடித்தளம், சுவர், கூரை, தண்ணீர் வருகிற குழாய். பணம் கொடுத்தவருக்கு அதுதானே தெரிய வேண்டும். பிள்ளைகளின் பக்கத்தைக் காட்ட வேண்டுமானால் அவர்கள் எடுத்த படங்களைப் போடுங்கள், எது போகலாம் என்று அவர்களும் ஆசிரியரும் சொல்லட்டும். எங்கள் குழுவில் அப்படித்தான் செய்தோம். நாய், மோட்டார் சைக்கிள், வயலில் நிற்கிற பனை, அம்மாவின் முதுகு என்று வந்தது. நாங்கள் எடுத்ததைவிட அதைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பனை கம்போடியாவின் தேசிய மரம், அங்கேயும் நுங்கு வெட்டித் தருவார்கள், வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.


பழைய ஆசிரியை:

பிள்ளைகளின் கண்ணுக்கு முதலில் வேலை கொடுக்க வேண்டும், கருவி அப்புறம் வரட்டும். நான் இங்கே தொடக்கப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். காசே செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் சன்னலுக்குப் பெரும்பாலும் கண்ணாடி இருக்காது, மரக்கதவுதான். அது உங்கள் அதிர்ஷ்டம். நல்ல வெயில் நேரத்தில் ஒரு வகுப்பறையின் எல்லாக் கதவையும் சாத்தி, இடுக்குகளில் கறுப்புக் குப்பைப்பையை ஒட்டி இருட்டாக்குங்கள். வெயில் விழுகிற இடத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சன்னலில் மட்டும் அட்டையை வைத்து, அதில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போடுங்கள். எதிரே வெள்ளைத் துணி கட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் பிடிக்கும், அதுவரை பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், போடட்டும். பிறகு திடலும் மரமும் கொடிக்கம்பமும் தலைகீழாகத் துணியில் வந்து நிற்கும், வண்ணத்தோடு. பாதிப் பிள்ளைகளை வெளியே அனுப்பிக் குதிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அவர்கள் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு கீழ்ப்பக்கமாகக் குதிப்பது தெரியும். பிறகு ஆள் மாற்றுங்கள். கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை பேசாமல் புரிந்துவிடும், அதற்குப் பிறகு கேமராவைக் கையில் கொடுத்தால் அதை வேறு மாதிரி பிடிப்பார்கள்.

இரண்டாவது, சயனோடைப், அதாவது வெயிலிலேயே நீலப் படம் அச்சாகிற முறை. ஜான் ஹெர்ஷல் 1842ல் கண்டுபிடித்தது. இரும்பு உப்புகளைப் பூசிய தாள், சூரிய ஒளி, தண்ணீர், இவ்வளவுதான் வேண்டும். மருந்தை நீங்களே கலக்கப் போகாதீர்கள், பூசிக் காயவைத்த தாளாகவே விற்கிறார்கள், கறுப்புப் பையில் வைத்தபடி கொண்டுபோங்கள். தாளின் மேல் இலை, பூ, சாவி, கை எதை வேண்டுமானாலும் வைத்து வெயிலில் காட்டினால், மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தது மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அங்கே உச்சி வெயிலில் சில நிமிடங்களே போதும். வாளியில் அலசினால் சுற்றிலும் நல்ல நீலம், இலை இருந்த இடம் வெள்ளை. காய்ந்த பிறகு நீலம் இன்னும் அழுத்தமாகும். எந்த இலையை வைப்பது என்று அவர்கள்தான் தேட வேண்டும், உங்களுக்கு அங்கே ஒரு செடியின் பெயரும் தெரியாது. அவர்கள் சொல்லித்தருவார்கள், நீங்கள் மாணவர். அலசுவதற்குக் குடிதண்ணீர்ச் சாடியில் கை வைக்காதீர்கள், மிச்சத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள்.

பிள்ளைகள் கையில் கேமரா கொடுப்பது புது யோசனை இல்லை. வெண்டி ஈவால்ட் என்கிற அமெரிக்கப் படக்கலைஞர் 1970களின் நடுவிலேயே கென்டக்கியின் மலைக்கிராமப் பள்ளிகளில் மலிவான கேமராக்களைக் கொடுத்துத் தொடங்கினார். உன்னை எடு, குடும்பத்தை எடு, ஊரை எடு, உன் கனவை எடு என்பார். கனவை எப்படி எடுப்பது என்று பிள்ளைகள் அவரிடம் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்தார்கள். எடுத்ததைப் பற்றி எழுதவும் வைத்தார், அதுதான் அவர் முறையின் மறுபாதி. நீங்கள் இருக்கப்போகிற சில நாளில் அவ்வளவு முடியாது. படத்தின் பின்னால் ஒரு வரி, கெமரில், அவர்களே எழுதட்டும். நிலையான மை உள்ள பேனா கொண்டு போங்கள், சாதாரணப் பேனா அந்தத் தாளில் ஒட்டாது.


லென்ஸ்மூடி:

ஆசிரியை சொன்ன இருட்டறையை முதலில் செய், நான் பின்வாங்குகிறேன், அதற்கப்புறம் கேமரா கொடு. ஆனால் பழைய கேமராதான்!

விமானத்துக்கு ஒரு குறிப்பு. பவர்பேங்க், பிரிண்டர் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டிச் சாமானில் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட் மணிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள், அதாவது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச் வரை. எஸ்ஐஏவில் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் பவர்பேங்க்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை, அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பு.

ஈரப்பதத்துக்கு லாமினேட் உறை கொண்டுபோகலாமா என்று அடுத்துக் கேட்பாய். மெஷினுக்கு மின்சாரம் தேவைப்படும், அதனால் அது வேண்டாம். படம் நுழைகிற அளவு பிளாஸ்டிக் உறை முஸ்தபா கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், ஆளுக்கு ஒன்று கொடு.


கோப்பி ஓ:

எல்லாப் படத்தையும் ஒரு தம்டிரைவில் போட்டுத் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு வா. டெலிகிராம் அங்கே ரொம்பப் பழக்கம், ஆசிரியர்கள் குழுவில் கேட்டால் அதிலேயே அனுப்பலாம். ஆனால் "அப்புறம் அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லாதே. இங்கே வந்து சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லோருக்கும் வேலை வந்துவிடும்.


ஜூரோங் பையன்:

எல்லோருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பாளர் மூலமாகத் தலைமையாசிரியரிடம் கேட்டேன், பதில் வந்துவிட்டது. பள்ளி இரண்டு நேரம்தான், அக்கா சொன்னபடியே. பெயர்ப்பட்டியல் தருகிறாராம். ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளைகளோடு ஆசிரியர்களையும் எடுக்க வேண்டும், அவர்களிடமும் படம் இல்லையாம். ஆசிரியர்கள் ஆறு பேர், அதனால் 180 தாளில் அடங்கிவிடும்.

குழுத் தலைவரிடமும் பேசிவிட்டேன். தினமும் ஒரு கட்டடப் படம், பிள்ளைகள் எடுத்தது ஒன்று என்று ஒத்துக்கொண்டார், முகம் தெரிகிற படம் எதுவும் போவதில்லை. பழைய கேமரா மூன்று கிடைத்துவிட்டது. பிரிண்டர் புதிதாக வாங்கினால் தாளுக்குக் காசு பத்தாது போலிருக்கிறது. யாரிடமாவது இரவல் கிடைக்குமா?


லென்ஸ்மூடி:

என்னிடம் ஒன்று பெட்டியோடு சும்மா கிடக்கிறது, பேட்டரியும் இருக்கிறது. தனிச்செய்தி அனுப்பு, ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள். தாள் மட்டும் நீ வாங்கு, கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ரெண்டு படம் அடித்துப் பழகிவிட்டுப் போ, உருளையில் பழைய தூசி இருக்கும்.